அந்த "வா" என்னத்துக்கு, அங்கிள்?

மெலனி என்னிடம் கேட்டது ஒரேயொரு ஏ-ஃபோர் தாள்தான்.

"சிவா, தேர்வில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு நீங்கள் எப்படி வேறு குழு தேடிக் கொடுத்தீர்கள்? படிப்படியாக எழுதித் தாருங்கள். ஒரு பக்கம் போதும். கணினிக்குள் ஏற்ற வேண்டும்."

மெலனி என் இடத்துக்கு வந்திருக்கும் சுவிஸ் பெண். நான் ஐம்பத்தொன்பதாவது வயதில் முன்கூட்டியே ஓய்வெடுத்ததற்குக் காரணம் தோள்மூட்டு என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். நானும் அதை மறுக்கவில்லை. இனிமேல் இடம் கிடைக்காத பிள்ளைக்கு ஒரு மின்னஞ்சல் போகுமாம். அதில் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற மூன்று மேளக் குழுக்களின் பெயர்கள் தாமாகவே வந்து நிற்குமாம். நல்ல விஷயம்தான். ஒருவரும் பதறத் தேவையில்லை.

நான் நேர்மையாக எழுதத் தொடங்கினேன். படி ஒன்று: பதறுதல். படி இரண்டு: பதற்றம் தெரியாமலிருக்கப் பிள்ளைக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்தல். படி மூன்று: அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிடுதல். பதினொரு பக்கம் வந்தது. மெலனி முதலாவது பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெருவிரல் படம் அனுப்பினாள். அவளுக்குப் பயன்படாதது உங்களுக்காவது பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை செய்தது பாடனில், இளையோர் மேள அணி ஒன்றில். இந்த நாட்டு மேளம் நம்மூர் மேளம் மாதிரியில்லை. தோளில் வார் போட்டு இடது தொடையில் தொங்கவிட்டு, இரண்டு தடிகளால் அடித்துக்கொண்டே அணிநடை போவார்கள். முப்பது பேர் அடித்தால் ஒருவர் அடிக்கிற மாதிரிக் கேட்க வேண்டும். அதுதான் கலை. வருடத்தில் ஒரு சனிக்கிழமை தேர்வு நடக்கும். பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு அதைப்போலப் பல மடங்கு பிள்ளைகள் வருவார்கள். இடம் கிடைத்தவர்கள் அணிக்கு. கிடைக்காதவர்கள் எனக்கு.

இந்த வேலைக்கு நான் படித்து வரவில்லை. அகதியாக வந்து, முகாமிலிருந்து ஒரு உணவகத்துச் சமையலறைக்குப் போய், ஏழு வருடம் கோப்பை கழுவினேன். ஒத்திகை முடிந்து அந்த உணவகத்துக்குச் சாப்பிட வரும் மேளக்காரர்களின் மேளம் ஒன்றில் ஒருநாள் கயிறு கழன்று தொங்கியது. ஊரில் லொறியில் சாமான் கட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா, இழுத்துக் கட்டிவிட்டேன். அடுத்த மாதம் அவர்களுடைய களஞ்சிய அறைக்குப் பொறுப்பாளன் ஆனேன். மேளம் இரவல் கொடுப்பது, திரும்ப வாங்குவது, தோல் மாற்றுவது, கயிறு இறுக்குவது. என் பயிற்சிக்காலம் முழுவதும் இவ்வளவுதான்.

எங்கள் பொறுப்பாளரின் பெயர் ஃப்ராவ் அம்மன். நான் வைத்த பெயரில்லை. இங்கே அது சாதாரணக் குடும்பப் பெயர், "ஃப்ராவ்" என்றால் திருமதி, "ஹெர்" என்றால் திரு. ஒருநாள் வீட்டில் விருந்து நடந்துகொண்டிருந்தபோது மனைவி தொலைபேசியை எடுத்துப் பார்த்துவிட்டு, "இஞ்சரப்பா, அம்மன் கூப்பிடுறா!" என்று குசினிக்குள்ளிருந்து கத்தினாள். விருந்துக்கு வந்திருந்த ஒரு பெரியவர் சாப்பாட்டுக் கையோடு எழும்பி நின்றுவிட்டார்.

ஃப்ராவ் அம்மன் கதிரையில் இருந்து நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டேதான் எல்லாம். பென்சில் காதுக்குப் பின்னால். அதிகம் கதைக்க மாட்டார். "ஸோ" என்று தொடங்கி ஒரு வசனம் சொல்வார், முடிந்தது. ஓம் என்பதற்கு மேசையில் விரலால் இரண்டு தட்டு. இல்லை என்பதற்கு ஒரு தட்டு. முதலாவது தட்டுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் நான் செலவழித்த நேரத்தைக் கூட்டினால் என் ஆயுளில் ஒரு வருடம் வரும்.

இடம் கிடைக்காத பிள்ளைகள் இரவல் மேளத்தை என்னிடம் திருப்பித் தர வருவார்கள். தந்துவிட்டு அழுவார்கள். நான் அழுகிற பிள்ளையையும் மேளத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு வருடம் ஃப்ராவ் அம்மன் அதைக் கண்டார்.

"ஸோ. இந்தக் கட்டிடத்தைவிட்டு ஒரு பிள்ளையும் வெறுங்கையோடு போகக்கூடாது. வேறு குழு தேடிக் கொடுப்பது இனி உங்கள் வேலை, ஹெர் சிவராசா."

முதலாவது பிள்ளையிலேயே என் திறமை வெளிப்பட்டது. பன்னிரண்டு வயதுப் பொடியன், பெயர் ரேட்டோ. மேளக்காரர்கள் வீட்டில் பழகுவதற்கு மரக்கால் வைத்த ஒரு பலகை இருக்கிறது. அதன் பெயர் "பொக்லி". அந்தச் சொல்லுக்கு ஆட்டுக்கடாக் குட்டி என்றும் அர்த்தம் உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. பட்டியலில் ஒரு வரி தவறி, மேளச் சங்கத்துக்குப் பதிலாக அதற்குக் கீழே இருந்த வீட்டுப்பிராணி வளர்ப்போர் சங்கத்துக்கு எண்ணை அழுத்திவிட்டேன்.

"என்னிடம் ஒரு பொடியன் இருக்கிறான். நல்ல கை. எடுப்பீர்களா?" என்றேன்.

"அவனிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டார் மறுமுனைக்காரர்.

"சொந்தமாக ஒரு பொக்லி வைத்திருக்கிறான்."

"அருமை! நன்றாகப் பராமரிக்கிறானா?"

"தினமும் ஒரு மணித்தியாலம் அதைப் போட்டு அடிக்கிறான்," என்றேன் பெருமையோடு.

அந்தப் பக்கத்தில் ஒரு பேனையின் மூடி கழரும் சத்தம் கேட்டது. பிறகு என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். பொலிஸுக்குப் போகாமல் அந்த விஷயம் முடிந்ததற்கு ஃப்ராவ் அம்மனின் ஒரு தொலைபேசி அழைப்புத்தான் காரணம். அதற்குப் பிறகு அவர் ஒழுங்கு முறை ஒன்றை வகுத்து, என் அறைக் கதவின் உட்பக்கத்தில் தானே ஒட்டினார்.

மெலனி கேட்ட ஒரு பக்கம் உண்மையில் அதுதான். முதலாவது வசனம், முடிவு. இரண்டாவது வசனம், பிள்ளை நன்றாகச் செய்த ஒன்று. மூன்றாவது வசனம், இப்போது யாருக்குத் தொலைபேசி எடுக்கிறேன் என்பது. வரிசை மாறக்கூடாது. இலக்கத்தைக் கையில் கொடுத்து அனுப்பக்கூடாது, பிள்ளை பார்த்திருக்க எடுத்து, மறுமுனையில் ஒரு மனிதக் குரல் கேட்கும்வரை விடக்கூடாது. பெற்றோர் வெளியே. மூன்று கிழமை கழித்துப் பிள்ளையிடம் விசாரிக்க வேண்டும்.

முதலாவது வசனம் ஜெர்மனில், "இந்த வருடம் நீ எங்களோடு இல்லை." அதை நான் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன். அன்பாக, உறுதியாக, கண்ணைப் பார்த்து. மனைவி வெளியிலிருந்து கதவைத் தட்டி, "ஆர் அவள், உங்களோட இல்லாதவள்?" என்று கேட்டாள்.

அந்த ஒழுங்கில் நானும் ஒரு திருத்தம் செய்தேன். முன்பெல்லாம் இடம் கிடைத்த பிள்ளைகள் இடது கதவால் சீருடை அளவெடுக்கப் போவார்கள், கிடைக்காதவர்கள் வலது கதவால் என்னிடம் வருவார்கள். ஒரு பிள்ளை வலது பக்கம் திரும்பினாலே நடைபாதை முழுவதும் அனுதாபத்தோடு பார்க்கும். அது எனக்குப் பொறுக்கவில்லை. "எல்லாரையும் என் அறைக்கே அனுப்புங்கள். கிடைத்தவர்களுக்கும் நானே சொல்கிறேன். வெளியில் நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது," என்றேன். ஃப்ராவ் அம்மன் இரண்டு தட்டுத் தட்டினார். நான் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் அது. பின்னால் என்னைக் கவிழ்த்ததும் அதுதான். கதவு எதையும் சொல்லாது என்று ஆன பிறகு, பிள்ளைக்கு முடிவைச் சொல்ல என் வாய் ஒன்றுதான் மிச்சம்.

அப்படிப் பல வருடம் பிழையில்லாமல் ஓடியது. பிறகு ஆரணி வந்தாள்.

ஆரணிக்குப் பதினாறு வயது. லாங்கன்தாலில் பிறந்து வளர்ந்தவள். தகப்பன் குகன் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை, கலியாண வீடுகளில் கண்டு பழகிய முகம். எங்கள் அணியில் பதினாறு வயதுக்கு மேல் புதிதாகச் சேர முடியாது. மற்ற இளையோர் அணிகளிலும் அப்படித்தான். அந்த வருடம் தவறினால் அவளுக்கு மேள அணி என்ற பேச்சே இல்லை. அந்த வருடம் இன்னும் ஆள் எடுத்துக்கொண்டிருந்தது பீலில் ஒரு குழு மட்டும். அதுவும் செவ்வாய்க்கிழமை பின்னேரம் எட்டு மணியோடு பட்டியலை மூடுகிறது.

அவள் அடித்ததை நான் கதவிடுக்கால் கேட்டேன். சுத்தமான கை. ஆனால் ஓடினாள். மேளக்காரர்கள் வேகம் பிடித்துக்கொண்டு போவதை ஓடுதல் என்பார்கள். பதற்றம் வந்தால் கை ஓடும். எனக்கு வாய் ஓடுகிற மாதிரி. பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே ஃப்ராவ் அம்மனின் பென்சில் எழுதியிருந்தது: ஓடுகிறாள்.

என் அறைக் கதவு திறந்தது. ஆரணி. அவளுக்குப் பின்னால் குகன்.

"அட, அண்ணை! நீங்களோ இஞ்ச?" என்றார் குகன். "பாத்தியே பிள்ளை, எங்கட ஆள் இருக்கிறார். நான் சும்மா பயந்துபோனன்."

பெற்றோர் வெளியே என்பது சட்டம். ஆனால் ஊர்க்காரர் ஒருவரை "வெளியில நில்லுங்கோ" என்று சொல்வது எப்படி? அதைச் சொல்ல முதல் அவருக்குத் தொலைபேசி வந்து, தானாகவே வெளியே போனார். நான் மூச்சு விட்டேன். ஆரணியைப் பார்த்தேன். கண்ணாடியில் பழகிய வசனம் நுனி நாக்கில் நின்றது, ஜெர்மனில். ஒரு தமிழ்ப் பிள்ளை என்னை அங்கிள் என்கிற முகத்தோடு நிற்கும்போது அதை ஜெர்மனில் சொன்னால் குடிவரவு அலுவலகக் கடிதம் வாசிக்கிற மாதிரி இருக்குமே என்று பட்டது. தமிழில் சொல்லலாம் என்று தேடினேன். ஒன்றும் இல்லை. தமிழில் நான் என் வாழ்க்கையில் ஒருவருக்கும் நேரடியாக இல்லை என்று சொன்னதே கிடையாது. "பாப்பம்" சொல்லியிருக்கிறேன். "பிறகு கதைப்பம்" சொல்லியிருக்கிறேன். "இப்பதான் சாப்பிட்டனான்" சொல்லியிருக்கிறேன்.

ஆகவே இரண்டாவது வசனத்திலிருந்து தொடங்கினேன்.

"நல்லா அடிச்சனி, பிள்ளை. கை நல்ல சுத்தம்."

"தாங்க்ஸ் அங்கிள்!"

உடனே மூன்றாவதுக்குப் பாய்ந்தேன். தொலைபேசியை எடுத்தால் குரல் நடுங்கும் என்று, எடுக்காமல் ஒரு அட்டையில் இலக்கத்தை எழுதி நீட்டினேன். "பீலில ஒரு குழு இருக்கு. நல்ல ஆக்கள். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குள்ள பதியோணும்."

"அதுக்கும் போகோணுமோ?"

இன்றைக்கு அந்தக் கேள்வியை எழுதிப் பார்க்கும்போது "அதுக்கும்" என்பதில் இருக்கிற "உம்" முழுசாகத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. "ஓம், ஓம், அதுவும் நல்லதுதான்," என்றேன். அவளுக்கென்று ஊற்றிய தண்ணீரைக் குடித்தேன்.

"அப்ப நான்..."

"சரி, பிள்ளை," என்றேன் தோளில் தட்டி. "போயிட்டு வா."

அவள் முகம் மலர்ந்தது. வாய் நிறையச் சிரித்துக்கொண்டு போனாள். என்ன தைரியமான பிள்ளை என்று எனக்குக் கண் கலங்கியது. ஃப்ராவ் அம்மனிடம் போய், "சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள்," என்று அறிக்கை கொடுத்தேன்.

"சிரித்துக்கொண்டா?" என்றார். மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆறரைக்கு ஒத்திகை. நான் களஞ்சிய அறையில் ஒரு மேளத்துக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தேன். குகன் உள்ளே வந்தார். கையில் பெரிய பெட்டி.

"அண்ணை, அம்பது பற்றீஸ். மரக்கறிதான், எல்லாரும் சாப்பிடலாம். பிள்ளையளுக்குக் குடுங்கோ."

"என்னத்துக்கு?"

"என்ன அண்ணை பகிடி விடுறியள்? ஆரணி சேர்ந்ததுக்கு! அண்டைக்கு நான் வெளியில நிண்டு 'என்னவாம்?' எண்டு கேட்டன். 'வரட்டாம்' எண்டாள். மனிசி ரெண்டு நாளா அடுப்படியிலதான்."

வரட்டாம். நான் வரச் சொன்னேனாம். நான் என்ன செய்தேன் என்றால், ஒரு பற்றீஸை எடுத்துச் சாப்பிட்டேன். பிறகு இன்னொன்று. குகன் சந்தோசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "உறைப்புக் காணுமோ?" என்று கேட்டார்.

"காணும்," என்றேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு அது ஒரு நல்ல காரணம்.

மண்டபத்துக்கு ஓடினேன். ஆரணி மூன்றாவது வரிசையில் மேளத்தை மாட்டிக்கொண்டு நேராக நின்றாள். அங்கே கிடந்த இரவல் மேளம் ஒன்றை அவளே எடுத்து, கயிற்றையும் சரிபார்த்திருந்தாள். ஃப்ராவ் அம்மன் தலைகளை எண்ணினார். பட்டியலைப் பார்த்தார். திரும்ப எண்ணினார்.

"ஹெர் சிவராசா. மூன்றாவது வரிசையில் யார்?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே வந்த சொல், "ஷ்னுப்பர்."

இந்த நாட்டில் ஒரு வேலையிலோ சங்கத்திலோ சேராமல், ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போவதற்கு அப்படிச் சொல்வார்கள். நேரே சொன்னால் மோந்து பார்த்தல். ஃப்ராவ் அம்மன் அருகிலிருந்த மேளத்தின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். இடைவேளைவரை உயிர் கிடைத்தது.

அடித்தார்கள். முதலாவது சுற்று நன்றாகப் போனது. இரண்டாவதில் ஆரணி ஓடத் தொடங்கினாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவன் ஓடினான், அவனுக்குப் பக்கத்தில் நின்றவள் ஓடினாள், கடைசியில் மூன்றாவது வரிசை முழுவதும் பஸ் பிடிக்கப் போகிற மாதிரி ஆகிவிட்டது. ஃப்ராவ் அம்மன் கையை உயர்த்தினார். எல்லாம் நின்றது.

"யார் ஓடியது?"

ஆரணி தடி பிடித்த கையை உயர்த்தினாள். "நான்தான்," என்றாள்.

ஃப்ராவ் அம்மன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சனிக்கிழமை என்னைப் பார்த்த பார்வை இல்லை அது. பிறகு, "இடைவேளை," என்றார்.

மணி ஏழரை. ஆரணியை என் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்த தாள் என்னைப் பார்த்தது. முதலாவது வசனம், முடிவு.

"பிள்ளை... உன்னை எடுக்கேல்லை."

அவள் தடிகளைக் கீழே வைக்கவில்லை. "இண்டைக்கு ஓடினதாலயோ?"

"இல்லை. சனிக்கிழமையே எடுக்கேல்லை. நான் சொல்லேல்லை. பிழை என்ரை."

"நீங்கள் வா எண்டு சொன்னீங்கள்."

"இல்லையம்மா. போயிட்டு வா எண்டு சொன்னனான். அது... அப்பிடியெண்டால் போ எண்டுதான்."

"போ எண்டால் போ எண்டு சொல்லலாமே."

"அப்பிடிச் சொல்லக்கூடாது. மரியாதை இல்லை. வீட்டில அம்மா உன்னை அப்பிடித்தானே பள்ளிக்கூடம் அனுப்புறவ?"

"ஓம். நான் பின்னேரம் வருவன்தானே!" என்றாள். "அப்ப அந்த 'வா' என்னத்துக்கு, அங்கிள்?"

நான் இந்த மொழியைப் பேசிக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

"சரி, அதை விடு," என்றேன். "பீல் இருக்கு. எட்டு மணிவரைக்கும் நேரமிருக்கு. அட்டை எங்க?"

"பீலுக்கு நான் நேற்றே போன் எடுத்து வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன். எனக்கு இஞ்ச இடம் கிடைச்சதுதானே. அங்க வேறை ஆருக்கும் கிடைக்கட்டும் எண்டு."

நான் செய்யத் தவறியதை அந்தப் பிள்ளை ஒரே அழைப்பில், ஒழுங்காக, முதலாவது வசனத்திலேயே செய்து முடித்திருக்கிறாள். கதிரையைத் தேடினேன். அதில் மேளம் இருந்தது. மேளத்துக்கு மேல் இருக்கப் போனேன். வாசலில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஃப்ராவ் அம்மன். கையில் பாதி கடித்த பற்றீஸ்.

"ஸோ. வெளியில் ஒரு தந்தை எனக்குக் கைகொடுத்து நன்றி சொல்கிறார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை இந்தப் பிள்ளையிடம் என்ன சொன்னீர்கள்?"

சொன்னேன். வேலை போனால் மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு பக்கத்தால் யோசித்துக்கொண்டே, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, மேசையில் கிடந்த தாளில் எழுதினார்: போ, கூட்டல், வா. எழுதியதைப் பார்த்தார்.

"உங்கள் மொழியில் ஒருவரை அனுப்பிவைக்க முடியாதா, ஹெர் சிவராசா?"

"முடியும். ஆனால் திரும்பி வரச்சொல்லித்தான் அனுப்ப முடியும்."

"அழகாக இருக்கிறது," என்றார். "தேர்வுக்கு உதவாது. எட்டுக்கு இருபது நிமிடம் இருக்கிறது. அழுவதென்றால் எட்டு ஐந்துக்கு."

அதை அவர் சொன்னது ஆரணிக்கு அல்ல, எனக்கு.

இலக்கத்தை அழுத்தினேன். பீல் இரண்டு மொழி ஊர். வழக்கமாக ஜெர்மன் பேசுகிற ஒருவர்தான் எடுப்பார். அன்றைக்கு எடுத்தவர் பிரெஞ்சில், அதுவும் ஓடுகிற பிரெஞ்சில் பேசினார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு வணக்கமும் ஓமும்தான். வணக்கம் சொன்னேன். ஆரணியின் பெயரைச் சொன்னேன். அவர் ஏதோ கேட்டார். "வீ," என்றேன். திரும்பக் கேட்டார். "வீ, வீ," என்றேன், நல்லபடியாகப் போகிறது என்ற நம்பிக்கையோடு.

ஆரணி பாய்ந்து வந்து தொலைபேசியைப் பறித்தாள்.

"அங்கிள்! 'அவ கட்டாயம் வரமாட்டாவோ' எண்டு கேக்கிறார். நீங்கள் மூண்டு தரம் ஓம் சொல்லிப்போட்டியள்!"

பிறகு அவளே பேசினாள். பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு. தடுமாறினாள், நின்றாள், திரும்பத் தொடங்கினாள். அவள் ஓடவில்லை என்பதை நான் கவனித்தேன். ஃப்ராவ் அம்மனும் கவனித்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பற்றீஸைச் சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மணிக்கூட்டில் ஏழு ஐம்பத்தொன்று. ஆரணி ஒலிவாங்கியைக் கையால் பொத்தினாள்.

"என்ரை இடத்தை வேறை ஆளுக்குக் குடுத்திட்டாராம். மேலதிகமா ஒராளை எடுக்கலாமாம். ஆனா அவையளிட்ட மேளம் முடிஞ்சுதாம். சொந்த மேளம் கொண்டுவந்தால் பெயரைப் போடுவாராம்."

அவளிடம் சொந்த மேளம் இல்லை. எங்கள் மேளங்கள் எங்கள் அணிக்கு மட்டும். அது ஃப்ராவ் அம்மனின் சட்டம், என் காலத்தில் ஒருமுறையும் தளர்ந்ததில்லை. ஆரணி சொன்னதை நான் ஜெர்மனில் மொழிபெயர்த்தேன். என் வாழ்க்கையிலேயே பிழையில்லாமல் செய்த மொழிபெயர்ப்பு அது.

ஃப்ராவ் அம்மன் மேசையில் விரலை வைத்தார்.

ஒரு தட்டு.

ஆரணி தலையைக் குனிந்தாள். நான் கூரையைப் பார்த்தேன். மறுமுனையில் அந்த மனிதர் ஹலோ, ஹலோ என்றார்.

இன்னொரு தட்டு.

"இரவலுக்கு ஹெர் சிவராசா கையெழுத்து வைக்கட்டும்," என்றார் ஃப்ராவ் அம்மன். மிச்சப் பற்றீஸை வாயில் போட்டுக்கொண்டு ஒத்திகைக்குப் போனார்.

குகனுக்கு விஷயத்தை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை முதலாவது வசனத்திலேயே சொன்னேன். அவர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப பற்றீஸ்?" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு மன்னிப்புக் கிடைத்ததா என்று இன்றைக்கும் தெரியாது. அடுத்த கலியாண வீட்டில் என் மேசைக்கு வந்துதான் இருந்தார்.

ஆரணி மேளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"போறன் அங்கிள்."

குகன் பதறிப்போனார். "எடியே, போறன் எண்டு சொல்லக்கூடாது. போயிட்டு வாறன் எண்டு சொல்லு."

"இல்லை அப்பா," என்றாள். "பிறகு அவருக்கு விளங்காது."

மூன்று கிழமை கழித்து விசாரிக்க எடுத்தேன். "இப்பவும் ஓடுறியோ?" என்று கேட்டேன்.

"ஓம் அங்கிள். ஆனா இஞ்ச எல்லாரும் ஓடினம். அதால ஒருத்தருக்கும் தெரியேல்லை."

அதற்குப் பிறகும் பல வருடம் அந்த அறையில் நின்றேன். பல பிள்ளைகளை அனுப்பினேன், தமிழ்ப் பிள்ளைகளையும். "உன்னை எடுக்கேல்லை, பிள்ளை" என்பதைக் கண்ணாடிக்கு முன்னால் தமிழிலும் பழகிக்கொண்டேன். மனைவி இப்போதெல்லாம் கதவைத் தட்டுவதில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை என்ன நடந்தது என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. சொல் வழுக்கியதா? அல்லது, இல்லை சொல்லாமல் தப்புவதற்கு வசதியாக ஒரு "வா" கிடைத்ததும் அதற்குப் பின்னால் நான்தான் போய் ஒளிந்துகொண்டேனா? மெலனிக்கு அனுப்பிய பதினொரு பக்கத்திலும் இதைத்தான் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறேன். கடைசியில் அவளுக்கு என் அறைக் கதவிலிருந்த தாளையே உரித்துக் கொடுத்தேன். ஒரு பக்கம்தான். கணினிக்குள் போய்விட்டதாம்.

என் கடைசி நாளன்று மண்டபத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று அடித்தார்கள். ஃப்ராவ் அம்மன் நின்றபடியே ஒரு சிறிய பேச்சுப் பேசினார். முடிவில் காதுக்குப் பின்னாலிருந்த பென்சிலை எடுத்து, அதோடு ஒரு துண்டுத் தாளையும் எடுத்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"பொ-யித்-து வா, ஹெர் சிவராசா."

பீலுக்கு எழுதி, ஆரணியிடம் கேட்டு வாங்கியிருந்தாராம். எல்லாரும் கைதட்டினார்கள். நான் யாழ்ப்பாணத்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. போ என்று அர்த்தம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆறரைக்கு, ஒரு பெட்டி பற்றீஸோடு மண்டப வாசலில் நின்றேன்.

மெலனி தன் பட்டியலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பப் பட்டியலைப் பார்த்தாள். "சிவா, உங்களுக்கு வேலை முடிந்துவிட்டதே?" என்றாள்.

ஃப்ராவ் அம்மன் திரும்பிப் பார்க்கவில்லை. மேளத்தின் விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"ஷ்னுப்பர்," என்றார்.